பஞ்சுமிட்டாய் ஜோடியின் இடதுகைக்காரர்: யூத்தா வத்தனாபே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த யூத்தா வத்தனாபே? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜப்பானின் இறகுப்பந்து இரட்டையர் ஆட்டக்காரர். 1997 ஜூன் 13 அன்று டோக்கியோவில் பிறந்தவர். இடதுகைக்காரர். பெரும்பாலான காலம் கலப்பு இரட்டையரில் அரிசா ஹிகாஷினோவோடும், சில ஆண்டுகள் ஆடவர் இரட்டையரில் ஹிரோயுகி எண்டோவோடும் ஆடினார். பர்மிங்காமில் நடக்கும், இறகுப்பந்தின் பழம்பெரும் போட்டியான ஆல் இங்கிலாந்தில் பட்டங்கள் ஐந்து, ஒலிம்பிக் வெண்கலங்கள் இரண்டு, உலக சாம்பியன்ஷிப் பதக்கங்கள் நான்கு. அந்த நான்கில் தங்கம் மட்டும் கிடையாது. அது ஏன் என்று கீழே ஒரு கேள்வி வரும்.

பெயரை எப்படித்தான் எழுதுவது? வாட்டனாபே, வதனபே, வடனாபே என்று ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்களே?

ஜப்பானிய ஒலியை அப்படியே தமிழில் கொண்டுவருவது சிரமம்தான். 'வதனபே' என்று ஒற்றைத் 'த' போட்டு எழுதினால், நாம் 'வதனம்' என்பதைப் படிப்பது போல மெலிதாகப் படித்துவிடுவோம். அவர்கள் அழுத்தித்தான் சொல்கிறார்கள். அதனால் இங்கே 'வத்தனாபே'. ஜப்பானில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதால் அங்கே அவர் வத்தனாபே யூத்தா. ஸ்கோர் போர்டில் பெயர் திரும்பிக் கிடந்தால் வேறு ஆளோ என்று குழம்ப வேண்டாம்.

டோக்கியோ பையன் ஃபுகுஷிமாவில் ஏன் படித்தார்?

இறகுப்பந்துக்காகத்தான். ஃபுகுஷிமா மாவட்டத்தின் கடலோரத்தில் தோமியோக்கா என்றொரு சின்ன ஊர். அங்கே நடுநிலைப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளியும் சேர்ந்து, இறகுப்பந்து ஆடும் பிள்ளைகளை நாடு முழுக்கவிருந்து வரவழைத்துப் பயிற்சி கொடுத்தன. பின்னாளில் ஒற்றையரில் உலக சாம்பியனான கெந்தோ மொமோத்தாவும் அங்கே படித்தவர்தான். ஹொக்கைடோவின் இவமிசாவாவிலிருந்து வந்த அரிசா ஹிகாஷினோ, வத்தனாபேயைவிட ஒரு வகுப்பு மேலே.

2011 மார்ச் 11 அன்று மதியம் 2:46-க்கு நிலம் அதிர்ந்தது. அப்புறம் சுனாமி, அதன்பின் அணு உலை விபத்து. உலையிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருந்த தோமியோக்கா மொத்தமாகக் காலி செய்யப்பட்டது. அப்போது வத்தனாபேக்குப் பதின்மூன்று வயது. ஊரே இல்லாமல் போன பிறகும் பள்ளியின் இறகுப்பந்துக் குழு கலைந்துவிடவில்லை. சிதறிப்போன மாணவர்கள் அதே மாவட்டத்தின் மலைப்பக்கம் இருக்கும் இனவாஷிரோவில் மறுபடி கூடி ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். தோமியோக்கா மேல்நிலைப் பள்ளி 2017-இல் மூடப்பட்டது.

இதை ஒரு சோகக் கதையாக மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வீட்டைவிட்டுத் தள்ளி விடுதியில், சேர்ந்து தின்று சேர்ந்து ஆடி வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். வத்தனாபேயும் ஹிகாஷினோவும் களத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலேயே இடம் மாறுவதைக் கவனித்தால், அந்தப் பழக்கம் பிற்காலத்துப் பயிற்சி முகாமில் வந்ததாகத் தெரியாது.

'வத்தகாஷி' என்கிறார்களே, அது என்ன?

வத்தனாபேயின் 'வத்த'வையும் ஹிகாஷினோவின் 'காஷி'யையும் ஒட்டினால் வத்தகாஷி. ஜப்பானிய மொழியில் அதற்குப் பஞ்சுமிட்டாய் என்று அர்த்தம். அங்கே இரட்டையர் ஜோடிகளுக்கு இப்படிப் பெயரை ஒட்டிச் செல்லப்பெயர் வைப்பது சகஜம். ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தகஹாஷி, மத்சுதோமோ ஜோடிக்கு 'தகமத்சு'. ஆனால் பஞ்சுமிட்டாய் அளவுக்குப் பொருந்தி வந்தது வேறெதுவும் இல்லை. பார்க்க மெலிதாக இருப்பார்கள். எதிராளி கையில் ஒட்டிக்கொண்டு விடவே மாட்டார்கள்.

இருவரும் எப்போதிலிருந்து சேர்ந்து ஆடுகிறார்கள்?

பள்ளிக்கூடத்திலிருந்தே. 2014-இல் மலேசியாவின் அலோர் ஸ்டாரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெண்கலம் வென்றார்கள். பள்ளி முடிந்ததும் இருவரும் ஒரே நிறுவன அணியில் சேர்ந்தார்கள்.

2018 ஆல் இங்கிலாந்து வெற்றி அவ்வளவு பெரிய அதிர்ச்சியா?

ஆமாம். அதுவரை எந்த ஜப்பானிய ஜோடியும் அங்கே கலப்பு இரட்டையர் பட்டம் வென்றதில்லை. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது சீனாவின் ஜெங் சிவெய், ஹுவாங் யாச்சியோங் ஜோடி. முதல் கேம் 15-21 என்று போய்விட்டது. இரண்டாவது 22-20, இன்னும் ஓரிரு புள்ளி தவறியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மூன்றாவது 21-16. வத்தனாபேக்கு அப்போது இருபது வயது.

இதன் எடை புரிய, ஜப்பானில் கலப்பு இரட்டையர் எந்த நிலையில் இருந்தது என்று தெரிய வேண்டும். அங்கே ஆட்டக்காரர்கள் நிறுவன அணிகளில் இருக்கிறார்கள். உள்நாட்டு லீக்கில் ஆண்கள் அணி தனி, பெண்கள் அணி தனி. ஆண்கள் அணி மோதும்போது இரண்டு இரட்டையர், ஒரு ஒற்றையர், பெண்களுக்கும் அதே. கலப்புக்கு அங்கே இடமே இல்லை. நிறுவனம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது லீக்கில் ஜெயிக்க. அப்படியிருக்க, லீக்கில் இல்லாத ஒரு பிரிவுக்கு யார் நேரம் ஒதுக்குவார்கள்? கலப்பு இரட்டையர் என்றால் தனிப் பிரிவில் வேலை முடிந்தபின் ஆடிக்கொள்ளும் துணை ஆட்டம் என்ற நினைப்புதான் இருந்தது. அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் போய்ச் சீன ஜோடியை வீழ்த்தினார்கள்.

மலேசியக்காரர் ஒருவர் பயிற்சி கொடுத்தார் என்று சொல்கிறார்களே?

ஜெரமி கான். 2018-இல் ஜப்பான் அணியின் கலப்பு இரட்டையர் பயிற்சியாளராக வந்தவர். அதுவரை அந்தப் பிரிவுக்கென்று முழு கவனம் செலுத்த ஆள் இல்லை. மொத்த ஜப்பான் அணிக்கும் 2004 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் தென் கொரியாவின் பார்க் ஜூ-போங். 1992 பார்சிலோனாவில் ஆடவர் இரட்டையர் தங்கமும் 1996 அட்லாண்டாவில் கலப்பு இரட்டையர் வெள்ளியும் வென்றவர். இரண்டு பிரிவையும் தானே ஆடிப் பார்த்த ஒருவர் மேலே உட்கார்ந்திருந்தது வத்தனாபேக்குக் கெடுதலாக இருந்திருக்காது.

இடதுகை என்பதால் என்ன லாபம்?

இரண்டு லாபம். முதலாவது எல்லாருக்கும் தெரியும். வலதுகைக்காரர் ஒருவரும் இடதுகைக்காரர் ஒருவரும் பக்கத்தில் நின்றால், அவர்கள் நிற்கும் பக்கத்தைப் பொறுத்து இருவரின் வலுவான கையும் ஒன்று நடுவிலோ அல்லது இரண்டு ஓரத்திலோ வந்துவிடும். ஒவ்வொரு முறை அவர்கள் இடம் மாறும்போதும் எதிராளி 'இப்போது இவர்களின் பின்கை எந்தப் பக்கம்?' என்று கணக்குப் போட வேண்டும். யோசிக்கக் கிடைப்பது அரை நொடி.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம். ஷட்டிலில் 16 இறகுகள் ஒன்றின் மேல் ஒன்று ஒரே திசையில் படிந்திருக்கும். அதனால் அது பறக்கும்போது எப்போதும் ஒரே பக்கமாகச் சுழலும். மட்டையைச் சாய்த்துத் தேய்த்து அடிக்கும்போது, வலதுகையின் தேய்ப்பும் இடதுகையின் தேய்ப்பும் அந்தச் சுழற்சியோடு வெவ்வேறு விதமாகச் சேரும். ஆகவே இடதுகை டிராப் (வலையை ஒட்டி மெல்ல விழவைக்கும் அடி) விழும் இடம், வலதுகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓர் அடி பிசகித்தான் தெரியும்.

ஆனால் இடதுகைக்காரர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். வத்தனாபேயின் தனித்தன்மை மணிக்கட்டில் இருக்கிறது. உயரம் 170 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. ஆடவர் இரட்டையரில் மேலிருந்து இடிக்கிற ராட்சதர்களுக்கு நடுவே இந்த உயரத்தோடு நிற்க வேண்டும். அவர் என்ன செய்வார் என்றால், எதிராளியின் ஸ்மாஷ் உடம்புக்கு நேரே வரும்போது மட்டையைப் பிடித்த விரல்களைத் தளர்த்திவிடுவார். பந்தின் வேகம் முழுக்க மட்டையில் செத்து, வலையைத் தாண்டி அந்தப் பக்கம் சொத்தென்று விழும். அடித்தவர் இன்னும் காற்றில் இருப்பார். நம்ம ஊர் மைதானத்தில் இதை முயன்று பாருங்கள்; பத்தில் எட்டு வலையில் மாட்டும்.

கலப்பு இரட்டையரில் ஆண் பின்னால், பெண் முன்னால் என்பதுதானே வழக்கம்?

அதுதான் பாடப்புத்தகம். இவர்கள் அதைப் பாதி நேரம் பின்பற்றுவதில்லை. ஹிகாஷினோவின் ஸ்மாஷ் வலுவானது, கால் வேகமானது. பின்வரிசைக்குத் தள்ளப்பட்டால் பெண் ஆட்டக்காரர் பதறுவார் என்று எதிரணி அவருக்குத் தூக்கிப் போடும். அவரோ குதித்து அடிப்பார். அதற்குள் வத்தனாபே வலைக்கு வந்து நிற்பார். எதிரணியின் திட்டம் அவர்களுக்கே பாதகமாகிவிடும். வத்தனாபேயின் கை வலைக்கருகில்தான் அதிகம் பேசும் என்பதால், இந்த ஏற்பாடு இருவருக்குமே பொருத்தம்.

ஹிகாஷினோவை 'வத்தனாபேயின் ஜோடி' என்று மட்டும் எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பின்களத்தை அவர் தாங்கியிராவிட்டால் வலையில் வித்தை காட்ட இவருக்கு ஏது நேரம்?

ஆடவர் இரட்டையரில் எண்டோவோடு எப்படிச் சேர்ந்தார்?

எண்டோ 1986-இல் பிறந்தவர். வத்தனாபேயைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அதற்கு முன்பு கெனிச்சி ஹயகாவாவோடு ஆடி, ஆல் இங்கிலாந்து இறுதியில் மூன்று முறை தோற்றவர்: 2013, 2014, 2016. ஹயகாவா ஒதுங்கிய பின், அனுபவம் நிறைந்த அண்ணனுக்குப் பக்கத்தில் இளைஞர் ஒருவர் தேவைப்பட்டார். வத்தனாபே வந்தார்.

இந்த ஜோடியின் பாணியே வேறு. நவீன ஆடவர் இரட்டையர் என்றால் யார் முதலில் கீழ்நோக்கி அடிப்பது என்ற அவசரம்தான். இவர்களோ தூக்கிக் கொடுத்து, 'அடித்துக்கொள்' என்று நிற்பார்கள். அடித்து அடித்து எதிராளி தோள் சோர்ந்து, ஒரு ஸ்மாஷ் சற்றே உயரமாக வந்தால் அங்கே திருப்பிப் பிடிப்பார்கள். 2018, 2019 இரண்டு ஆண்டும் குவாங்சோவில் நடந்த உலக டூர் இறுதிப் போட்டியில் இரண்டாமிடம். 2019 ஆசிய சாம்பியன்ஷிப் இறுதியில் அப்போதைய முதல்நிலை ஜோடி, இந்தோனேசியாவின் கிடியோன், சுகமுல்ஜோவை 21-18, 21-3 என்று வென்றார்கள். ஆம், 3. அச்சுப்பிழை இல்லை.

2020 ஆல் இங்கிலாந்து?

மறுபடி அதே இந்தோனேசிய ஜோடி. 21-18, 12-21, 21-19. எண்டோவுக்கு நான்காவது இறுதியில் முதல் பட்டம், முப்பத்துமூன்று வயதில். தேதி 2020 மார்ச் 15. அன்றோடு உலக இறகுப்பந்து பல மாதங்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. கொரோனா.

2021-இல் ஒரே நாளில் இரண்டு பட்டம் வென்றது உண்மையா? அதில் சீனாவே ஆடவில்லையாமே?

இரண்டும் உண்மை. மார்ச் 21 அன்று பர்மிங்காமில் எண்டோவோடு சேர்ந்து கமுரா, சொனோடா ஜோடியை 21-15, 17-21, 21-11 என்று வென்றார். அதே நாளில் ஹிகாஷினோவோடு கனேகோ, மத்சுதோமோவை 21-14, 21-13 என்று வென்றார். எதிரிகள் நான்கு பேருமே ஜப்பானியர்கள். ஏதோ உள்ளூர்ப் போட்டி மாதிரி.

சீனாவும் கொரியாவும் வரவில்லை. இந்தோனேசிய அணி, அவர்கள் வந்த விமானத்தில் தொற்றுள்ளவர் இருந்ததால் போட்டி தொடங்கிய பின் விலக்கப்பட்டது. ஆகவே அந்த ஆண்டுப் பட்டங்களைக் கொஞ்சம் குறைத்து மதிப்பிட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் 2020-இல் முதல்நிலை ஜோடியை வென்றதற்கும், 2022-இல் ஒலிம்பிக் சாம்பியன்களான வாங் யீல்யூ, ஹுவாங் தோங்பிங்கை 21-19, 21-19 என்று வென்றதற்கும் அந்தக் கழிவு பொருந்தாது. 2018, 2021, 2022 கலப்பு. 2020, 2021 ஆடவர். ஐந்து.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இரண்டு பிரிவிலும் ஆடியது தவறான முடிவா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

2021 ஜூலை 24-இல் தொடங்கி, ஆடவர் இரட்டையரில் குழு ஆட்டங்கள் மூன்று, கலப்பிலும் மூன்று. அப்புறம் ஜூலை 28 கலப்பு காலிறுதி. ஜூலை 29 அன்று ஆடவர் இரட்டையர் காலிறுதியும் கலப்பு அரையிறுதியும் ஒரே நாளில். ஆடவர் பிரிவில் தைவானின் லீ யாங், வாங் சி-லின்னிடம் 16-21, 19-21 என்று தோல்வி. கலப்பில் வாங் யீல்யூ, ஹுவாங் தோங்பிங்கிடம் தோல்வி. இரண்டு தங்கக் கனவும் சொந்த நகரத்தில், பார்வையாளர் இல்லாத அரங்கில், ஒரே நாளில் போயின.

மறுநாள், ஜூலை 30. வெண்கலத்துக்கான ஆட்டம். ஏழு நாளில் பத்தாவது ஆட்டம். எதிரே ஹாங்காங்கின் டாங் சுன் மான், ட்சே யிங் சுயெட். 21-17, 23-21. கலப்பு இரட்டையரில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. டோக்கியோவில் ஜப்பான் இறகுப்பந்தில் வென்ற ஒரே பதக்கமும் அதுதான். ஆடவர் ஒற்றையரில் மொமோத்தா, மகளிர் ஒற்றையரில் ஒகுஹாரா, உலகின் முன்னணி மகளிர் ஜோடிகள் என்று ஐந்து பிரிவிலும் தங்கம் பேசப்பட்ட அணி அது.

ஒரு பிரிவை விட்டிருந்தால் இன்னொன்றில் தங்கம் கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கலாம் என்பார்கள். அவரைத் தோற்கடித்த இரண்டு ஜோடியும் கடைசியில் தங்கம் வென்றவை என்பதை மட்டும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலக சாம்பியன்ஷிப் தங்கம் ஏன் கிடைக்கவில்லை?

2019 பாசெல், வெண்கலம். 2021 ஹுவெல்வா, வெள்ளி. தாய்லாந்தின் தெச்சாபோல், சப்சிரியிடம் தோல்வி. 2022 டோக்கியோ, வெள்ளி. 2023 கோப்பன்ஹேகன், வெண்கலம். கடைசி இரண்டிலும் வழிமறித்தது ஜெங் சிவெய், ஹுவாங் யாச்சியோங். ஹாங்சோ ஆசியப் போட்டி இறுதியிலும் அவர்களே. 2024 ஆல் இங்கிலாந்து இறுதியிலும் அவர்களே. பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியிலும் அவர்களே. 2018-இல் பர்மிங்காமில் வாங்கிய அடியை அந்தச் சீன ஜோடி வட்டியோடு திருப்பிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஜெங்கின் ஸ்மாஷ் வேகத்தைப் பலராலும் ஓரளவு சமாளிக்க முடியும். அந்த ஸ்மாஷ் திரும்பி வருவதற்குள் வலையில் ஹுவாங் நிற்பதைத்தான் யாராலும் சமாளிக்க முடியவில்லை.

பாரிஸில் என்ன நடந்தது?

2024-இல் வத்தனாபே கலப்பில் மட்டும் ஆடினார். டோக்கியோவுக்குப் பின் எண்டோ தேசிய அணியிலிருந்து விலகியிருந்தார். வெண்கல ஆட்டத்தில் தென் கொரியாவின் சியோ சுங்-ஜே, சே யு-ஜங்கை 21-13, 22-20 என்று வென்றார்கள். அந்த சியோவும் இடதுகைக்காரர். 2023 உலக சாம்பியன்ஷிப்பில் ஆடவர், கலப்பு இரண்டிலும் தங்கம் வென்றவர். பாரிஸிலும் இரண்டு பிரிவில் ஆடியவர். மூன்று வருடம் முன்பு வத்தனாபே சுமந்த பாரத்தை இந்த முறை வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சுமந்தார்.

இவர் தொழில்முறை ஆட்டக்காரரா, நிறுவன ஊழியரா?

ஜப்பானில் இந்தக் கோடு நாம் நினைப்பது போல இருக்காது. 2016-இல் பள்ளி முடித்ததும் அவர் சேர்ந்த நிஹோன் யூனிசிஸ் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவனம். 2022-இல் பெயரை பிப்ரோஜி என்று மாற்றிக்கொண்டது. தகமத்சு ஜோடியும் அங்கேதான் இருந்தது. நம்மூரில் ரயில்வே, வங்கி, எண்ணெய் நிறுவனங்கள் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்; கிட்டத்தட்ட அதே ஏற்பாடு, நிறுவனத்தின் பெயரைச் சட்டையில் போட்டு லீக் ஆடுவது கூடுதல். மாதச் சம்பளம் வரும், பரிசுப் பணத்தை மட்டும் நம்பி ஊர் ஊராக அலைய வேண்டாம்.

ஹிகாஷினோவோடு ஏன் பிரிந்தார்? இப்போது யாரோடு ஆடுகிறார்?

பாரிஸுக்குப் பின் ஜோடி கலைந்தது. பள்ளிச் சிறுவர்களாகத் தொடங்கி இரண்டு ஒலிம்பிக் பதக்கத்தோடு முடிந்தது. காரணம் தேடி வதந்திகளைக் கிளறுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒலிம்பிக் முடிந்த ஆண்டில் ஜோடிகள் கலைவது இந்த விளையாட்டில் பருவமழை மாதிரி, வரும்.

அதன்பின் வத்தனாபே, தன்னைவிட வயதில் நன்றாக இளையவரான மாயா தகுச்சியோடு கலப்பு ஆடத் தொடங்கினார். எண்டோவுக்குப் பக்கத்தில் தம்பியாக நின்றவர் இப்போது அண்ணன் இடத்தில்.

புதிதாகப் பார்ப்பவர்கள் எந்த ஆட்டத்திலிருந்து தொடங்கலாம்?

2020 ஆல் இங்கிலாந்து இறுதி. பந்தைப் பார்க்காதீர்கள், முதல் கேம் முழுக்க வத்தனாபேயின் இடதுகையை மட்டும் பாருங்கள். எப்போது விரலை இறுக்குகிறார், எப்போது விடுகிறார் என்று. அப்புறம் 2018 கலப்பு இறுதியின் இரண்டாவது கேமைப் போட்டு, இந்த முறை ஹிகாஷினோவின் கால்களை மட்டும்.